மூன்றாம் மாடி, இடது

பதினோரு வருடம் அவை நின்றுகொண்டே இருந்தன,
உட்காரச் சொல்லியும் உட்காராத
இரண்டு விருந்தாளிகள் மாதிரி,
ஜன்னலுக்கு இப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று,
என் தோள் உயரம்.

போர்த்தோவில் எங்கள் தெருவில்
வீடுகளே விலாவை ஒடுக்கிக்கொண்டுதான் நிற்கின்றன.
என் அறை மூன்று மீட்டர்,
அதிலும் பத்து சென்டிமீட்டர் குறைவு.
நான் பல் செட் செய்கிறவள்.
அரை மில்லிமீட்டர் பிசகினால்
யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை
வாயில் வைத்துக்கொண்டு என்னைத் திட்டுவார்.
அப்படிப்பட்டவள் இந்த அறைக்கு
அந்தக் கோபுரங்களை எப்படி வாங்கினேன்
என்று கேட்காதீர்கள்.
முதல் போனஸ்.
கடையின் கூடம் பெரிதாக இருந்தது.

நல்ல சத்தம்தான், பொய் சொல்லக் கூடாது.
டபுள் பாஸின் அடிக்கம்பி அதிர்ந்தால்
அலமாரிக் கோப்பைகள்
ஒன்றோடொன்று கிசுகிசுக்கும்.
ஆனால் பாடுகிறவளின் வாய்
என் கதவு அகலம் இருந்தது.
செல்லோக்காரி குனிந்துதான்
உள்ளே வந்திருக்க முடியும்.
கீழ் ஸ்தாயி மூலையில் மாட்டிக்கொண்டு
வழி தெரியாத வண்டாய் முட்டும்,
அடுத்த ஸ்வரம் வந்து நின்ற பிறகும்
போகாது.

பிப்ரவரி மழையில் ஒதுங்கிய கடையில்
ஒசோரியோ ஒரு ஜோடியை எடுத்து வைத்தார்.
பூட்ஸ் பெட்டியை நிமிர்த்திய அளவு.
"பியானோவின் இடக்கோடியில்
ஒரு டஜன் கட்டை இதில் இல்லை" என்றார்,
விற்கிறவர் சொல்லக் கூடாத வாக்கியம்.
"பாதியைக் காது தானே போட்டுக்கொள்ளும்.
சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள்.
கிட்டே உட்காருங்கள்."

உட்கார்ந்தேன்.
பாடத் தொடங்குமுன் அவள் எச்சில் விழுங்கினாள்.
'ஸ' வரும் இடங்களில் மெல்லிய காற்று:
மேல்வரிசை முன்பற்களுக்கு நடுவே
ஓர் இடைவெளி,
ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூட.
இதே இசைத்தட்டு, பதினோரு வருடம்,
பல் தொழில்காரி எனக்கே தெரியாமல்
போயிருக்கிறது.
வாய், வாயளவில் இருந்தது.

கோபுரங்களை ஆற்றுக்கு அக்கரையில்
ஒரு நடன மன்றம் வாங்கிக்கொண்டது.
மாடிப்படித் திருப்பத்தில் மாட்டி,
தூக்க வந்த பையன்கள்
எந்தப் புனிதரையும் விட்டுவைக்கவில்லை.
தரைப்பலகையில் எட்டுத் துளை மிச்சம்.

நான்காம் நாள் கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு வால்டெமார், ரொட்டிக்கடைக்காரர்,
நள்ளிரவில் வேலைக்குப் போய்
மத்தியானம் தூங்குகிறவர்.
இத்தனை வருடத்தில் இரண்டே முறை
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்திருக்கிறார்.
மன்னிப்பு என் நாக்கு நுனியில் தயார்.

"உடம்புக்கு ஏதாவதா?" என்றார்.
"இல்லையே."
"சத்தமே இல்லை. நாலு நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை."
பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு,
வாசலில் நின்றபடியே
மூக்குக்குள் முனகிக் காட்டினார்,
டும், டுடும், டும்.
எனக்குத் தெரிந்த தட்டுதான்,
இரண்டாம் பக்கம், மூன்றாவது.

நாற்காலியில் உட்கார வைத்து
அதையே போட்டேன்.
மாவு படிந்த கைகள் மடியில்.
முதல் வரி முடியுமுன் என் பக்கம் திரும்பினார்,
ஏமாற்றப்பட்டவர் முகத்தோடு:
"இதற்கு மேலே ஒரு பெண் இருந்தாளா?"

இருந்தாள், வால்டெமார்.
உங்களுக்கு அவள் காலடி மட்டும் வந்தது.
எனக்கு அவள் பல் வரவில்லை.

இரண்டாம் முறை போட்டபோது
பெட்டிகளால் இறங்க முடியாத இடத்தில்
அவர் இறங்கினார், கண்ணை மூடிக்கொண்டு,
ஒரு ஸ்வரம்கூடத் தப்பாமல்.
தூங்கிக்கொண்டே படித்த பாடம்.

மற்றபடி ஒன்றும் தீரவில்லை.
அவருக்கு இன்னும் தூக்கம் சரியில்லை,
மின்விசிறி ஒன்று வாங்கியிருக்கிறாராம்.
எட்டுத் துளைகளையும்
பல்லுக்கு ஊற்றும் இளஞ்சிவப்பு மெழுகால் அடைத்தேன்.
நிறம் ஒட்டவில்லை.
பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள்,
அது என்ன, ஈறு மாதிரி?